ஏழு ஐம்பது

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம்,
மீன் வைக்கும் குளிர்கிடங்குக்கு
மூன்றாம் தளம் எழும்புகிறது.
எட்டு மணிக்கு வேலை.
அதற்கு முந்தின பத்து நிமிஷம் மட்டும்
என் பொறுப்பு.

தாளைப் பார்த்து வாசிப்பேன்.
தாள் மெட்ராஸிலிருந்து வரும், தேதி போட்டு.
திங்கள், தீயணைப்புக் கருவி.
செவ்வாய், ஹெல்மெட்.
புதன், மறுபடியும் தீயணைப்புக் கருவி.
யாரோ மாற்றி அனுப்பிவிட்டார்கள், அதையும் வாசித்தேன்.
சிமென்ட்டுக்கு எரியத் தெரியாதே என்று
பின்னாலிருந்து பாவாடை மேஸ்திரி சொன்னது
எனக்குக் கேட்டது. கேட்காததுபோல
குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

கையெழுத்து நோட்டு எனக்கு முன்னாலேயே சுற்றி வந்துவிடும்.
நான் வாய் திறக்கும்போது
முப்பத்தொரு பேரும் கேட்டு முடித்திருப்பார்கள்.

வியாழக்கிழமை காற்று.
கடல்காற்றை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை,
பேர் வைத்து வந்தால்தான் பார்ப்பார்கள்.
தாள் கையை விட்டுப் பறந்து
கலவை மிஷின் வாய்க்குள் போய் விழுந்தது.
மிஷின் ஓடவில்லை. எடுத்திருக்கலாம்.

எதிரே எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.
தூக்கம் என்று நினைத்திருந்தேன்.
குறிஞ்சிப்பாடி முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள்.
வெயில்.
அவர்களை இந்தப் பக்கம் வரச் சொல்லிவிட்டு
நான் அந்தப் பக்கம் போய் நின்றேன்.
இத்தனை நாளும் கடலுக்கு முதுகு காட்டி
நிழலில் பேசியது நான்.

"நேத்து யாருக்காவது பக்குனு ஆச்சா?
அடிபட்டதைக் கேக்கல.
படாம போனதை."

ஒரு பீடி அணைந்தது.
ஒடிசாப் பையன் பிகாஷ் பக்கத்து ஆளிடம் அர்த்தம் கேட்டான்.
அந்த ஆள் கையை உயர்த்தி
ஒரு செங்கல் மேலிருந்து வந்து
தோளை உரசாமல் போவதை நடித்துக் காட்டினான்.
பிகாஷ் கை தூக்கினான்.
எனக்கு, என்றான். சனிக்கிழமை.
சிரித்தார்கள்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் சித்தாள்கள் பக்கமிருந்து,
காரைக்காட்டு அஞ்சலாட்சி,
சும்மாட்டை உதறி மடித்துக்கொண்டே:
"மேல சாரத்துல ஆறாவது பலகை.
ஒரு பக்கம் கட்டு அவுந்து கெடக்கு.
மிதிச்சா மறுபக்கம் தூக்குது.
தாண்டித்தான் போறோம்,
தலையில சட்டியோட."

எத்தனை நாளா?
"நாலு நாளா."
ஏன் சொல்லல?
"நீங்க தீ அணைச்சிட்டு இருந்தீங்க."

கடைசியாகத்தான் நானும் சிரித்தேன்.
மேஸ்திரி சிரிக்கவில்லை.
கட்டுக்கம்பியைப் பல்லில் கடித்தபடி
ஏணியில் பாதி ஏறியிருந்தார்.
பெல்ட் என்று கத்தினேன்.
முறைத்தபடி இறங்கி, மாட்டிக்கொண்டு, மறுபடி ஏறினார்.
அவர் கீழே வரும்வரை யாரும் மேலே போகவில்லை.
மிஷின் எட்டு இருபதுக்கு ஓடியது.
அதற்குள் பிகாஷ் தாளை எடுத்துத் தந்தான்.
அன்றைய தலைப்பு, கை கழுவும் முறை.

நோட்டில் 'பேசியவர்' என்ற கட்டம்.
எட்டு மாதமாக அதில் என் பேர்தான்.
அதன் கீழே அஞ்சலாட்சி என்று எழுதப் போனேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"பேர எழுதுனா
கூலியில புடிப்பாங்களா சார்?"

இல்லை என்றேன்.
சொன்ன பிறகுதான்
இன்ஜினியரிடம் கேட்கப் போனேன்.