எது முன், எது பின்

ஸாப்ஷே நகரில் பனி கொட்டும் இரவு.
இருதய மருத்துவமனையின் நிலவறையில் என் வேலை
பிறர் தமனிக்குள் பார்ப்பது.

தொடை வழியே நுழைந்த மெல்லிய குழாய்
நொடிக்கு அரை மில்லிமீட்டராய்ப்
பின்வாங்கியபடியே எடுத்த படங்கள்.
கருப்பும் சாம்பலும். ஒவ்வொன்றும் ஒரு வளையம்.
நடுவே இரத்தம் போகும் இருட்டு.
ஓரத்தில், அழைக்காமல் வந்து
திண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் கொழுப்பு.
நான் இரண்டு கோடு வரைவேன்.
கோடுகளுக்கு நடுவில் இருப்பதுதான் கணக்கு.

நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை
இதயம் இந்தச் சுவரை அறைகிறது.
அறையின் வேகம் தணிந்தால்
படிவதும் தணியுமா?
கேள்வி மேல்மாடிக்காரர்களுடையது.
அளவுகோல் மட்டும் என்னுடையது.

ஒருவருக்கு இரண்டு படம்:
மாத்திரை தொடங்கிய அன்று ஒன்று,
இரண்டு வருடம் கழித்து ஒன்று.
எது முன், எது பின், எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
யாருக்கு எந்த மாத்திரை, யாருக்குமே சொல்ல மாட்டார்கள்.
மூன்று புட்டி, மூன்றிலும் அதே வெள்ளை.
ஒன்று நாளத்தின் தசையைத் தளர்த்தும்.
ஒன்று, இறுகு என்று வரும் கட்டளையைப்
பாதி வழியில் மடக்கும்.
ஒன்று வெறும் மாவு.

ஆனால் உடம்புக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

லிஃப்டில் ஒருவர் இருமினார்.
சளியில்லாத, காரை உதிர்வது போன்ற இருமல்.
அலோய்ஸி குச்செரா. சுரங்கத் தொழிலாளர் பேண்டில்
முப்பது வருடம் டியூபா ஊதியவர்.
"எனக்குக் கிடைத்தது அசல். இருமலே சாட்சி.
ஆனால் பாருங்கள், ஒரு சவ ஊர்வலத்துக்குக்கூட
முழுசாக ஊத முடிவதில்லை."
பக்கத்தில் கெர்த்ருதா பிக்கா,
செருப்பு வார் கடைசித் துளையில்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்;
அவருடையது எந்தக் கணுக்காலுக்கும் தகாதது.
"எனக்கும் அசல்தான்," என்று காலைக் காட்டிச் சிரித்தார்.

மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லவில்லை.
இருமல் இல்லை. வீக்கம் இல்லை.
நலமாயிருப்பதற்காக ஒரு மனிதர்
அப்படிக் கூசி நான் பார்த்ததில்லை.
தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து படியில்தான் ஏறி இறங்குகிறேன்.
முகம் தெரிந்துவிட்டால் கை
கோட்டை ஒரு நூல் தள்ளி வரையும்.
இரக்கத்தாலும் பிழை வரும்.

இன்றிரவு ஓர் எண். இரண்டு படம்.
இரண்டாம் கிளை பிரியும் இடத்திலிருந்து
முப்பது மில்லிமீட்டர் அளந்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
எது பழையது என்று தெரியவில்லை.

இரண்டு வருடம் இந்தச் சுவரை ஒட்டித்தானே போயிருக்கும்.
எழுநூறு காலைகள், எழுநூறு மாத்திரைகள்
(அல்லது எழுநூறு சிட்டிகை மாவு),
யாரோ ஒரு குழந்தையின் ஞானஸ்நானம்,
வறுத்த பன்றிக்கறி, மகனோடு ஒரு சண்டை.
ஒன்றும் தடம் வைக்கவில்லை.

கொழுப்பு கரையவில்லை.
கரையும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவுமில்லை.
வளரவில்லை, அவ்வளவுதான்.
மேல்மாடியில் திரையில் நேர்கோடு வந்தால் ஓடுவார்கள்.
இங்கே கீழே நேர்கோடு வந்தால்
நான் தேநீர் போட்டுக்கொள்வேன்.

கோப்பை மூடும்போது ஓர் ஆசை:
இது அந்தத் தொப்பிக்காரருடையதாக இருக்கட்டும்.
உடனே அதை அழித்தேன்,
தவறிப்போன கோட்டை அழிப்பதுபோல.
அது முழுசாக அழியவில்லை.

மேலே எங்கோ லிஃப்ட் நின்று கிளம்புகிறது.
தேநீர் ஆறுகிறது.
அடுத்த எண்.