பத்து மணிக்குத் திருப்பிய குமிழ்

மூர் மார்க்கெட்டிலிருந்து மீன்பாடி வண்டியில் வந்தது.
மூன்றாவது மாடிக்கு ஏற்ற
ஐஸ் பெட்டி தூக்கும் கழியைக் கொண்டுவந்தார்கள்.
"ஆம்ப்ளிஃபயரு. வால்வு செட்டு" என்றான் தேசப்பன்
பெண் பார்த்துவிட்டு வந்தவன் முகத்தோடு.

எங்கே வைப்பது?
காசிமேட்டு போர்டு வீடு, பத்துக்குப் பத்து.
சிலிண்டர் பால்கனிக்குப் போனது.
அரிசி டிரம் கட்டிலுக்கடியில் போனது.
தையல் மெஷின்மேல் ஒரு ஸ்பீக்கர்,
சாமி படத்துக்குக் கீழே இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஆள் உட்காரலாம்.
அங்கே உட்கார்ந்தால்தான்
நாதஸ்வரம் இந்தப் பக்கமும் தவில் அந்தப் பக்கமும் நிற்குமாம்.
அந்த இடத்தில்தான் நான் வெங்காயம் நறுக்குவேன்.

நாத்தனார் மகள் ஒரு ஸ்பீக்கர் வாங்கித் தந்திருக்கிறாள்,
எலுமிச்சம்பழம் அளவு.
நன்றாகத்தான் பாடும்.
ஆனால் அதில் பிடித்துத் திருப்ப ஒன்றுமில்லை.

இதில் ஒரு பித்தளைக் குமிழ் உண்டு,
வலம் இடம் சரிபார்க்க.
பன்னிரண்டு மணிக்கு நிற்க வேண்டிய முள்ளை
தேசப்பன் பத்து மணிக்குத் திருப்பி வைப்பான்.
இருபது வருஷம் எஞ்சின் பக்கம் படுத்த இடது காது
கால்வாசிதான் கேட்கும்.
பத்து மணியில் வைத்தால்
அவனுக்கு எல்லாம் நடுவில் வந்துவிடும்.
எனக்கு எல்லாம் தையல் மெஷினுக்குள் போய்விடும்.

சுவிட்ச் போட்டால் உடனே பேசாது.
வால்வு சிவந்து வர
ஒரு டீ கொதிக்கும் நேரம்.
மழைக்காலத்தில் அதன் தலையில்
பிள்ளையின் சாக்ஸ் காயப்போடுவேன்.
இது அவனுக்குத் தெரியாது.

அவன் கடலுக்குப் போன ஒன்பதாம் ராத்திரி,
தட்டு முடிந்து
ஊசி கடைசி வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்க,
பெட்டி பேசியது.
"...ஐஸு கரைஞ்சி போச்சிபா... லைட்டவுசு தெரியுது..."
யாரோ இருமினார்கள்.
யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார்கள், பாசமாக.
கரைக்குத் திரும்பும் படகுகளின் வயர்லெஸ்
எப்படியோ என் வீட்டு வயரில் ஏறியிருக்கிறது.
தரையில் உட்கார்ந்தேன், அந்த நடு இடத்தில்.
ஒரு மணி நேரம்.
பிறகு அவன் குரல்,
"எவ்ளோ பேரு முன்னாடி நிக்கிறாங்க?"
அவ்வளவுதான்.
எழுந்து உலை வைத்தேன்.

அன்றிலிருந்து
அவன் படியேறும்போது சோறு ஆவி பறக்கும்.
"போன் டவரே கிடைக்கலையே, எப்படித் தெரிஞ்சிது?" என்பான்.
"மீன் நாத்தம்" என்பேன்.

தடைக்காலம் வந்தது.
நாட்டுப் படகுகள் மட்டும் போய்வந்தன.
அவன் கண்ணை மூடி நாதஸ்வரம் கேட்கும்போது
நடுவில் யாரோ நண்டு விலை பேசினார்கள்.
எழுந்து பெட்டியை ஓங்கித் தட்டினான்.
"பத்து நாளு இந்தச் சத்தத்துலதான் கெடக்கேன்.
ஊட்டுலயுமா?"

மண்ணடி மீரான் பாய்க்கு ஆள் விட்டான்.
பாய் வந்தபோது அவன் வலைக்கு ஈயக்குண்டு வாங்கப் போயிருந்தான்.
பாய் மூடியைக் கழற்றி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தார்.
"ஒண்ணுமில்லம்மா. ஒரு சின்ன கண்டென்சர்.
நாப்பது ரூபா. சத்தம் சுத்தமாப் போயிரும்."

ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
"போட வேணாம் பாய்" என்றேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு சாக்ஸைப் பார்த்தார்,
மூடியை மாட்டினார்.

ஈயக்குண்டோடு வந்தவன் கேட்டான்,
"சரி பண்ணிட்டாரா?"
"அந்தக் காலத்துச் சரக்காம்.
பார்ட்டு கிடைக்கணுமாம்."
"கிடைக்கட்டும்" என்று உட்கார்ந்தான்.
பன்னிரண்டில் நின்ற குமிழை
நானே பத்துக்குத் திருப்பினேன்.
வால்வு சிவக்கக் காத்திருந்தோம்.