உயிர்ச்சுமை

எங்கேம்மா வேலை என்று
டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா கேட்டார்.
ஜன்னலில் நகர்ந்துபோன தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன்.
தண்ணி விடுற வேலையா.
தொட்டியின் கால்கள் என்று சொல்ல வாயெடுத்து
ஆமாம் என்றுவிட்டேன்.
மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் உண்டு.
உட்கார வாய்ப்பது மழை நாளில்.

முதுநகரில் இறங்கியபோது எட்டே முக்கால்.
உப்பனாற்றிலிருந்து டீசலும் கருவாடும் கலந்த காற்று.
கலிமுல்லா பாயின் ஐஸ் கம்பெனி
ஓட்டம் நின்று ஆறு வருஷம்.
கீழே ஐஸ், மேலே அவர் குடும்பம் இருந்த வீடு.
வீட்டுச் சுவர்களை எடுத்துவிட்டு
மண்டபம் ஆக்கப்போகிறார்.
ஒரு கையெழுத்துதான் மேடம், பில்டிங் ஸ்ட்ராங்.

வீட்டுக்கு ஒரு சதுர மீட்டரில் இருநூறு கிலோ.
கூட்டம் கூடும் இடத்துக்கு ஐந்நூறு.
சுவரும் தளமும் நிலைச்சுமை, போட்ட இடத்தில் கிடக்கும்.
வந்து போகிறவர்கள் உயிர்ச்சுமை.
சாம்பார் வாளியோடு ஓடுகிறவர்,
மாப்பிள்ளையைத் தூக்கி ஆடும் ஏழு நண்பர்கள்,
போட்டோவுக்காக ஒரே மூலையில் ஒட்டி நிற்கும் நாற்பது பேர்,
எல்லாரும் என் கணக்கில் எடை.
சந்தோஷம் முந்நூறு கிலோ கூடுதல்.

சுத்தியலால் தூண்களைத் தட்டிக்கொண்டே போனேன்.
ணங். ணங்.
ஒன்பதாவது
தொப் என்றது.

வெளியே கடல்.
உள்ளே, முப்பது வருஷம் ஐஸ் அச்சுகளைச் சுற்றி நின்ற உப்புத்தண்ணீர்.
இரண்டும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்றிருக்கின்றன.
துருவுக்கு, தான் தின்ற இரும்பைவிடப் பெரிய உடம்பு.
இடம் கேட்கும். கொடுக்காவிட்டால் பிளந்துகொண்டு வரும்.
கொத்திய இடத்தில் மருந்தைத் தெளித்தேன்.
நல்ல கான்கிரீட் ரோஜா நிறத்தில் சிவக்கும்.
இது நனைந்ததோடு சரி.
பதினாறு எம்.எம். கம்பி, வெர்னியரில் பதினொன்று.

நாப்பது வருஷமா நிக்குதே மேடம்,
புயல்லயே நின்னுச்சே.
நின்றது பாய், இல்லை என்று சொல்லவில்லையே.
ஆவணியில் மூன்று முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார்.
ஒரு கல்யாணம் மட்டும் நடக்கட்டும்,
அப்புறம் நீங்க சொல்ற மாதிரி செஞ்சிடறேன்.
அந்த ஒன்றுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்றேன்.
அவர் உண்மையாகவே மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்.
எண்ணிக்கையைச் சொல்லவில்லை.
அட்வான்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு
மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்.

ஜாக்கி முட்டுகள் பண்ருட்டியிலிருந்து வர ராத்திரி ஆகும்.
கீழே, ஒன்பதாம் தூணை ஒட்டி ஒரு கயிற்றுக்கட்டில்,
வாட்ச்மேன் சிகாமணியுடையது.
தலைமாட்டில் ரேடியோ, மாத்திரை டப்பா,
மடித்து வைத்த இன்னொரு சட்டை.
இன்னிக்கு கேட்டுக்கு வெளியே போட்டுக்குங்கண்ணே என்று
ஒரு முனையை நான் பிடித்தேன்.

அங்க கொசு பிச்சு எடுக்குமேம்மா.

தெரியும் என்றேன்.
தூக்குங்க.