இரண்டு துளி

மார்கழி. பாகூர் ஏரிக்கரைக்குப் பின்புறம்
தனபாக்கியத்தின் கலப்பினப் பசு
ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டது.
நஞ்சுக்கொடி விழவில்லை.
தோள்வரை நீளும் கையுறை கேட்டு
மூன்று மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்;
வந்தது மணிக்கட்டோடு நிற்கும் ரகம்.
முள்வேலி கீறிய கோடு அதற்கும் மேலே.
கையை விட்டேன்.
வெதுவெதுப்பு. பிறகு சோப்பு. பிறகு டீ.

அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்த வாரம் தொடங்கியது.
காலையில் ஒன்றுமில்லை, வண்டி ஓட்டினேன், ஊசி போட்டேன்.
மாலை ஐந்தரைக்குக் கடலூர் பஸ்
கன்னியக்கோயிலைத் தாண்டும் நேரம் வந்து இறங்கும் காய்ச்சல்.
இரவு இரண்டு மணிக்குப் பாயை நனைத்துவிட்டுக் கிளம்பும்.
வியர்வையில் ஈர வைக்கோல் வாடை.
டைபாய்டு என்றார்கள். டெங்கு என்றார்கள்.
இடுப்பெலும்பில் யாரோ ஆணி இறக்குகிறார்கள் என்றால்
“நாப்பது தாண்டிடுச்சுல்ல” என்றார்கள்.

உள்ளே நடந்ததைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.
கிருமிகள் பலவும் சலங்கை கட்டிக்கொண்டுதான் வரும்.
இது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தது.
கூச்சல் எழவில்லை.
என் வெள்ளணு ஒன்று அதை விழுங்கியது,
விழுங்குவது அதன் வேலை.
செரிக்கவில்லை.
அமிலம் கொஞ்சம் பட்டிருக்கிறது. அந்தப் புளிப்பையே
பொழுது விடிந்ததாக எடுத்துக்கொண்டு
எழுந்து உட்கார்ந்திருக்கிறது அது.
வயிற்றுக்குள் தனி அறை தடுத்து
என் சதையையே குழைத்துச் சுவர் பூசி
பெருகியது.
காவல்காரன் வயிற்றில் திருடன் குடித்தனம்;
காவல்காரனோ ஊர் சுற்றுகிறவன்:
கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, இடுப்பு மூட்டு.

எதிர்பொருள்கள் உருவாகாமல் இல்லை.
முதலில் ஐந்தைந்தாய்க் கைகோத்தவை,
பின்னால் ஒற்றை ஒற்றையாய்த் திரிந்தவை.
பூட்டிய கதவுக்கு வெளியே
சாவியில்லாத ஜப்தி அதிகாரிகள்.

டி அணுக்கள் தாமதமாய் ஒரு ஓலை அனுப்பின,
காமா இன்டர்ஃபெரான் என்று அதற்குப் பெயர்:
தெருவைப் பார்த்தது போதும். உன் வயிற்றைப் பார்.
எனக்கு நூற்று மூன்று ஏறியது அன்றைக்காகத்தான் இருக்கும்.
கொல்ல முடிந்ததைக் கொன்றன.
முடியாததைச் சுற்றி வட்டமாய் உட்கார்ந்துகொண்டன
கல்லீரலுக்குள், சின்னச் சின்ன முடிச்சுகளாய்,
எழுந்து போகாமல்.
தோல்வியா அது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோரிமேட்டு ஆய்வகத்தில் அமலோற்பவம்
என் ரத்தத்தைச் சுழலவிட்டுச் சீரம் பிரித்தாள்.
பசுவுடையது, மார்கழியில் எடுத்தது,
என் ஐஸ் டப்பாவில் இருந்தது.
ரெண்டையும் ஒரே தட்டில் வை என்றேன்.
“மாட்டு ரெஜிஸ்டர் வேறக்கா.”
வைத்தாள்.
ரோஸ் பெங்கால் ஆளுக்கொரு சொட்டு.
நான்கு நிமிடம் தட்டை அசைத்தாள்
முறத்தில் கல் பார்ப்பவளைப் போல.
இரண்டும் திரிந்தன.
எலுமிச்சை பட்ட பால், ஆனால் ரோஜா நிறம்.
இதில் எது நான்?
இடது பக்கம் என்றாள். தட்டின் குறியைப் பார்த்துவிட்டு,
இல்லக்கா, வலது.

எனக்கு ஆறு வாரம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சாய்ப் போனது.
பசுவுக்கு மாத்திரை இல்லை.
சொல்லப் போனபோது தறியில் கயிறு மட்டும் கிடந்தது.
“சந்தையில குடுத்துட்டோம். நீ படுத்துட்ட,
யாரைக் கேக்குறது?”
தனபாக்கியம் நீட்டிய டம்ளரை வாங்கி
பால் நன்றாய்க் காய்ந்ததா என்று கேட்டேன்.
பதினெட்டு வருடப் பழக்கத்தில் முதல் தடவை.
அவள் முகம் சுருங்கியது.

இப்போது காய்ச்சல் இல்லை.
ஐந்தரை ஆனால் நெற்றியைத் தொட்டுக்கொள்கிறேன்.
சாலையில் எதிர்ப்படும் மாட்டின் காதிலெல்லாம்
மஞ்சள் வில்லையின் கடைசி நான்கு எண்களைப் படிக்கிறேன்.
4417 இல்லை.
இதுவும் 4417 இல்லை.