லிமா கிலோ ஹோட்டல் டாங்கோ

இந்தக் கரையில் 'கடல் ஆலா' என்ற பெயரில்
ஐந்து படகுகள்.
இரண்டு சிவப்பு, இரண்டு நீலம்,
ஒன்றுக்கு நிறமே போய்விட்டது.
அதனால்தான் அரசாங்கம்
ஆளுக்கு நான்கெழுத்து கொடுத்தது.
இரைச்சலில் எழுத்து கரைந்துவிடாமலிருக்க
எழுத்துக்கொரு சொல்லும் கொடுத்தது.

லிமா: போகாத ஊர்.
கிலோ: துறைமுகத் தராசில் எப்போதும் குறைகிற ஒன்று.
ஹோட்டல்: தங்காத விடுதி.
டாங்கோ: ரப்பர் பூட்ஸோடு ஆட முடியாத நடனம்.

நான்கையும் சேர்த்துச் சொன்னால்
பன்னிரண்டு மீட்டர் மரம், ஒரு டீசல் எஞ்சின்,
உள்ளே ஒரு ஆள்.

அந்த ஆளைக் கடலில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
அவன் ஞாயிறு.
வாரத்தின் ஏழு நாளும் ஞாயிறு.
ஏன் என்று கேட்டால் படகுக்கொரு கதை.
ஞாயிறன்று வலை போடமாட்டான் என்பார்கள்.
இல்லை, கிழமை தப்பி வந்து
பூட்டிய மீன்கூடத்தின் கதவை
அரைநாள் தட்டிக்கொண்டு நின்றான் என்பார்கள்.
பட்டப்பெயரைத் தானே வைத்துக்கொள்ள முடியாது.
ஒருமுறை ஒருவன் தன்னை 'ஓநாய்' என்று அறிவித்தான்.
பேரண்ட்ஸ் கடல் முழுக்கச் சிரித்தது.
அன்றிலிருந்து அவன் நாய்க்குட்டி.

கரை வானொலியில் இரவுப் பணி குன்வோருக்கு.
அவளுக்கும் அங்கே பெயரில்லை.
"வார்டோ, வார்டோ" என்று
ஓர் ஊரையே கூப்பிடுவார்கள்,
ஒரு பெண் பதில் சொல்வாள்.

"வார்டோ, ஞாயிறு பேசுகிறேன். காபி இருக்கிறதா அங்கே?"
"அழைப்புக்குறியைச் சொல்லுங்கள்."
"நான்தான் என்று தெரியாதா?"
"தெரியும். அழைப்புக்குறியைச் சொல்லுங்கள்."
சொல்லமாட்டான்.
பத்தொன்பது குளிர்காலமும்
அவளேதான் குறிப்பேட்டில் அந்த நான்கெழுத்தை எழுதினாள்,
விதியை மீறாத மாதிரி.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, இரண்டு பத்துக்கு,
"லிமா. கிலோ. ஹோட்டல். டாங்கோ" என்றது குரல்,
ஒவ்வொரு சொல்லாக,
பரீட்சைக்குப் படித்த பிள்ளை ஒப்பிப்பதுபோல.
அடுத்த சொல்லுக்கு அவள் காத்திருக்கவில்லை.
எழுந்து நின்றுவிட்டாள்.
மீட்புக் கப்பலை எழுப்பும் பொத்தானில்
விரல் போய்விட்டது.
இத்தனை ஒழுங்காக அவன் ஒருநாளும் பேசியதில்லை.

படகு போயிற்று. ஆள் மிஞ்சினான்.
பதிவேட்டில் நான்கெழுத்தின் மேல் ஒரு கோடு.
கோடு போடவேண்டிய நாளில்
குன்வோர் விடுப்பு.

மே மாதம், சூரியன் படுக்கப் போகாத வாரம்.
கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒருவர்:
வழுக்கை, குள்ளம், கையில் நனைந்த விண்ணப்பம்.
"புதுப் படகு. எழுத்து வேண்டும்."
"உங்கள் பெயர்?"
"ஐவின் ஹெத்தா."
தேவாலயமும் வங்கியும் மட்டும் அறிந்த பெயர்.
அவள் கேட்டதேயில்லை.
இரைச்சல் கழுவிய அந்தக் குரலையும்
அவள் கேட்டதில்லை.
"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்" என்றாள்,
தாளைப் பார்த்தபடியே.

அவர் தொண்டையைக் கனைத்தார்.
"எக்கோ. யாங்கி. விக்டர்."

பேனா நின்றது.

"இந்தியா" என்றான் அவன்.

"காபி இருக்கிறது" என்றாள் வார்டோ.