முப்பத்தெட்டாம் எண் பலகை

செமுவா ஆற்றுக்கு நேராக ஓடத் தெரியாது.
எதிர்க்கரை ஊர் கூப்பிடு தூரம்தான்.
சாலையில் போனால் பதினொரு கிலோமீட்டர்,
மூன்று பாலங்கள்,
நடுவில் ஒரு மேடு, அதில் எவருக்கும் பேச்சு நின்றுவிடும்.

இந்த வளைவுகளில்தான் எனக்கு வேலை.
சம்பளமில்லாத வேலை.
சட்டையின் பின்பையில் ஆறு மில்லிமீட்டர் சாவி,
ஒரு வாழைப்பழம், ஈரத்துணி.
சந்திக்குச் சந்தி இறங்கிப் பலகை துடைப்பேன்,
அம்பு சரியான பக்கம் காட்டுகிறதா என்று பார்ப்பேன்.

முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை பீச் மரங்கள்.
தார்மேல் வெயில் சில்லறையாகச் சிதறிக் கிடக்கும்,
சக்கரம் அதன்மேல் ஏறிப்போகும், ஒன்றும் நகராது.
அப்புறம் ஊசியிலைக் காடு,
நண்பகலிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவேண்டும்.
முப்பத்தேழில் வெட்டி அடுக்கிய மரங்களின் பிசின் வாசம்.
முப்பத்தெட்டில் தகராறு.

அந்த அம்பு ஆற்றோரத்தைக் காட்டவேண்டும்.
சனிக்கிழமை தவறாமல்
அது காட்டுமேட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும்.
ஒருமுறை டச்சுக் குடும்பம் ஒன்று,
குழந்தைவண்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு
பதினான்கு சதவீத ஏற்றத்தில் போய் மாட்டிக்கொண்டது.
தகப்பன் தள்ளினான், தாய் திட்டினாள்,
குழந்தை மட்டும் ராஜாபோல் கையசைத்தது.

மேட்டின் உச்சியில் என்ன இருக்கிறது?
கிஸ்லேனின் வாஃபிள் வண்டி.
கணக்குப் போட எனக்கு நெடுநேரம் ஆகவில்லை.

போய்க் கேட்டேன்.
கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.
அவள் மாவுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.
"ஒரேலியன், உன் பலகை முளைப்பதற்கு முன்பே
இங்கே பசித்தவர்கள் வந்தார்கள்."
அவ்வளவுதான்.
மூன்று வாரம் என் வாஃபிளில் மட்டும் சர்க்கரை குறைந்தது.

அக்டோபர். வேட்டைநாள்.
மரத்துக்கு மரம் சிவப்புத் தாள்,
எட்டு மணிமுதல் காட்டுவழி மூடல்.
வருகிறவர்களைத் திருப்பிவிட
இருட்டோடு இருட்டாகப் போனேன்.
ஆறு தெரியவில்லை. பனிமூட்டம் அதன் வளைவுகளை
அப்படியே வரைந்து வைத்திருந்தது.
ஈர இலைமேல் பிரேக் பிடித்தேன்,
பின்சக்கரம் தனிவழி போகப் பார்த்தது.

முப்பத்தெட்டில் ஒரு காட்டுப்பன்றி
கம்பத்தில் முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

அவசரமே இல்லை அதற்கு.
கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை முழுக்கச் சாய்த்து,
இந்தப்பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப்பக்கம் ஒரு தேய்ப்பு.
கம்பம் முனகியது.
அம்பு விரற்கடை விரற்கடையாக
ஆற்றைவிட்டு மேட்டுக்குத் திரும்பியது.
நான் விட்ட மூச்சு அதற்குக் கேட்டிருக்கும்.
என்னை ஒரு பார்வை பார்த்தது,
ஆட்சேபம் உண்டா என்பதுபோல.
பிறகு புதருக்குள் போயிற்று.

கம்பத்தில் முழங்கால் உயரத்துக்குப் பழைய சேறு, புதிய சேறு.
திருகின் இடுக்கில் நாலைந்து முரட்டு மயிர்.
இத்தனை மாதம் அந்தத் திருகைக்
குனிந்து முறுக்கியவன் நான்.
அண்ணாந்து அம்பைப் பார்த்தவனும் நான்.

எட்டு மணிக்குக் கொம்பு ஊதினார்கள்.
நாய்கள்.
அப்புறம் வெடிச்சத்தம், ஒன்று, நாலு, எண்ணமுடியவில்லை;
பள்ளத்தாக்கு ஒவ்வொன்றையும் இரண்டுதரம் சொன்னது.

கிஸ்லேனிடம் போய் இரண்டு வாஃபிள் வாங்கினேன்.
சொன்னேன். சிரிக்கவில்லை அவள்.
"எந்தப் பக்கமாகப் போயிற்று?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அம்பு
ஆற்றோரத்தையே காட்டிக்கொண்டு நின்றது, சட்டப்படி.
நான் விரும்பியது அதைத்தான்.
வெகுநேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பின்பையிலிருந்து சாவியை எடுத்து
திருகை அரைச்சுற்று தளர்த்தினேன்.

இன்று வெள்ளி.
மழை பெய்கிறது.
சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.