ஐந்து மதிப்பெண் வினா

'எண்ணெய் ஏற்றுமதி செய்யும் கடலோர நாடு ஒன்றை விவரி.'
கூத்தாநல்லூர், ஒன்பதாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு.
மைமூனா எழுதியிருக்கிறாள்:

கிழக்கே கடல்.
மற்ற மூன்று பக்கமும் கம்பெனி வேலி.
மன்னராட்சி. ஆனால் அத்தாவின் பாஸ்போர்ட்
கஃபீலின் மேசை டிராயரில் இருக்கிறது.
ஆறுகள் இல்லை.
இங்கும் மேட்டூர் திறக்கும்வரை இல்லை.
மழை பெய்யுமா என்று போனில் கேட்டேன்,
அத்தா சிரித்தார், லைன் போய்விட்டது.
ஏற்றுமதி: எண்ணெய்.
இறக்குமதி: அரிசி, வெங்காயம், அத்தா.

தலைநகர் இல்லை, அரை மதிப்பெண் போச்சு.
நாட்டின் பெயரையே காணோம்.
'எந்த நாடு?' என்று
ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டுவிட்டு நிமிர்ந்தால்
ஜன்னலில், கமலாபுரம் பக்கம்,
நடவு முடிந்த வயல்களுக்கு அப்பால்
எண்ணெய்க் கிணற்றுத் தீ
பட்டப்பகலில் எரிகிறது.

கேள்விக்குறியை மட்டும் அடித்தேன்.
நாலரை.